ஒரு அலமாரி தோல் தொழில் புத்தகங்களை எப்படி அடுக்குவது? கணக்கு வாத்தியார் ரங்கநாதன் கண்டுபிடித்த வழி

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடியைத் தாண்டினால் நாட்றம்பள்ளி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பட்டையின் ஓரத்தில் இருக்கிற ஊர். டேனரி, ஷூ கம்பெனி, ஷிஃப்ட் எல்லாம் இங்கே தினசரிப் பேச்சில் புழங்குகிற சொற்கள்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டி ஓய்வு பெற்ற ஒருவர். முப்பது வருஷத்தில் சேர்த்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. காலணி வடிவமைப்பு, தோல் பதனிடுதல், சாயம், பை தையல், கூடவே மனைவி வாங்கிய எம்பிராய்டரி புத்தகங்கள். சில தமிழ், சில ஆங்கிலம், இந்த வட்டாரத்துக்கே உரிய மாதிரி சில உருது. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் எப்போதோ பயிற்சிக்குப் போனபோது கிடைத்த குறிப்பேடுகள்கூட உண்டு. பக்கத்துத் தெரு இளைஞர் சங்கம் அதைக் கேட்கிறது. கொடுக்க அவருக்கும் சம்மதம்தான்.

ஆனால் எதை எங்கே வைப்பது?

மொழிவாரியாக அடுக்கினால் சாயம் பற்றிய மூன்று புத்தகங்கள் மூன்று தட்டுக்குப் போய்விடும். ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கினால், ஷூ மேல்பாகம் தைக்கக் கற்றுக்கொள்ள வருகிற பெண்ணுக்கு எந்த ஆசிரியரையும் தெரியாது. ஆட்டுத் தோலுக்குச் சாயமேற்றிப் பை செய்வது எப்படி என்ற புத்தகம் தோலுக்குள் போகுமா, சாயத்துக்குள் போகுமா, பைக்குள் போகுமா? விடை தெரியாமல் கட்டிப்போட்ட சேகரிப்புகள் கடைசியில் எங்கே போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். எடைக்கு எடை, பழைய பேப்பர் கடை.

இந்தக் கேள்விக்கு உலகமே திரும்பிப் பார்த்த ஒரு பதிலைச் சொன்னவர் சீர்காழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியர். சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். சுருக்கமாக எஸ்.ஆர்.ரங்கநாதன்.

நூலகமே வேண்டாம் என்றவர்

1892 ஆகஸ்டில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பா போய்விட்டார். ராமாயணம் சொல்வதில் நல்ல பேர் வாங்கியவர் அந்த அப்பா. பள்ளி ஆசிரியரான தாத்தாவின் நிழலில் வளர்ந்த பையனுக்குத் திக்குவாய். அதை வைத்துக்கொண்டே சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து 1916இல் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பேராசிரியர் எட்வர்ட் ராஸ். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார்.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி. மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் சொல்லிக்கொடுத்தார். வகுப்பறைதான் அவருக்கு உயிர்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அந்தப் பதவிக்கு 900 பேர் விண்ணப்பித்ததாகச் சொல்வார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட அதில் இல்லை. ரங்கநாதனுக்குத் தெரிந்ததெல்லாம் நேர்காணலுக்குச் சில நாள் முன்பு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் படித்த ஒரு கட்டுரை மட்டும்தான். அதிலேயே வேலை கிடைத்துவிட்டது.

போன சில நாட்களிலேயே மனுஷனுக்குத் தாங்கவில்லை. சுற்றிலும் புத்தகம், பேச ஆள் கிடையாது. மாணவர்களின் முகம் பார்த்துப் பழகியவருக்கு அது தனிமைச் சிறை மாதிரி இருந்தது. கல்லூரிக்கே திரும்புகிறேன் என்று நிர்வாகத்திடம் போய் நின்றார். அவர்கள் ஒரு பேரம் பேசினார்கள். முதலில் லண்டன் போய் அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வா, அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கணித வேலை உனக்கே.

இன்றைய நூலக அறிவியலின் பாதிக் கதை இந்தப் பேரத்தில்தான் தொடங்குகிறது.

பொம்மைக் கடையில் கிடைத்த சாவி

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பள்ளி. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், குராய்டன் நகரின் தலைமை நூலகர். படிப்பு ஒரு பக்கம் நடக்க, ரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நூலகங்களைப் போய்ப் பார்த்தார். உழைக்கும் மக்கள் சாயங்காலம் வேலை முடிந்து பொது நூலகத்துக்கு வருவதையும், அவர்களுக்காகவே புத்தகம் வாங்கி வைத்திருப்பதையும் கண்டார். ஊரில் அன்றைக்கு நூலகம் என்றால் புத்தகத்தைப் பூட்டி வைக்கும் இடம். அந்த வித்தியாசம் அவரை உலுக்கிவிட்டது.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. அங்கே பெருவாரியாகப் புழங்கியது அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாடு. உலக அறிவையெல்லாம் பத்துப் பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரித்து எண் கொடுக்கும் முறை. எளிமையானது, கெட்டிக்காரத்தனமானது. ஆனால் பெட்டிகள் முன்கூட்டியே அடித்து வைத்தவை. அதில் பொருந்தாத புத்தகம் வந்தால் ஏதாவது ஒரு மூலையில் திணிக்க வேண்டியதுதான். மதங்களுக்கான 200இல் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே போய்விட, இந்து மதமும் இஸ்லாமும் கடைசி எண்களில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

நம்ம அலமாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். டியூயி முறையில் தோல் பதனிடுதல் 675. தோலில் செய்த பொருள், ஷூ எல்லாம் 685. அதே தோலில் கைவேலை என்றால் 745.531. ஒரே ஆட்டின் தோல் மூன்று இடத்தில் தொங்குகிறது! நடுவில் நூற்றுக்கணக்கான எண்கள். டேனரிக்காரருக்கும் பை தைப்பவருக்கும் சம்பந்தமே இல்லை என்று அலமாரி முடிவு செய்துவிடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் லண்டன் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை ரங்கநாதன் பார்க்கிறார். துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், கம்பிகள், கொஞ்சம் நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வைத்து விற்பனையாளர் ஒரு தடவை கிரேன் செய்கிறார், கழற்றி இன்னொரு தடவை வேறொன்று செய்கிறார்.

கணக்கு மூளைக்குப் பொறி தட்டியது. பெட்டிகளை முன்கூட்டியே அடித்து வைப்பானேன்? துண்டுகளை மட்டும் கொடுத்தால் போதுமே. புத்தகம் வரும்போது அதற்கேற்ற துண்டுகளைச் சேர்த்து மாட்டிக்கொள்ளலாம். நட்டு போல்ட்டுக்குப் பதிலாக முக்காற்புள்ளி, அதாவது கோலன்.

1925இல் ஊர் திரும்பும் கப்பலிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். கப்பல் நூலகத்தின் புத்தகங்களையே வைத்துச் சோதித்துப் பார்த்தார் என்பார்கள். சென்னை வந்து இறங்கியபோது கணித வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை.

தோலை ஐந்தாக வெட்டுவது

கோலன் வகைப்பாடு 1933இல் அச்சில் வந்தது. அது எப்படி வேலை செய்கிறது?

எந்தப் புத்தகத்தின் பொருளையும் ஐந்து முகமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது பின்னாளில் ரங்கநாதன் தீட்டிக் கூராக்கிய கருத்து. மையமான பொருள் எது, எதனால் ஆனது, அதில் என்ன வேலை நடக்கிறது, எங்கே, எப்போது.

தொண்ணூறுகளில் ஆம்பூரில் தோல் ஷூ தைத்த முறையைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் ஷூ. மூலப்பொருள் தோல். செயல் தையல். இடம் ஆம்பூர். காலம் தொண்ணூறுகள். அவ்வளவுதான். ஐந்துக்கும் ஐந்து குறியீடு, நடுவில் நிறுத்தற்குறிகள். நாளைக்கே தோலுக்குப் பதிலாக ரெக்ஸின் ஷூ பற்றிப் புத்தகம் வந்தால் ஒரே ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும். முழு எண்ணையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

தொழில் தெரிந்தவர்களுக்கு இது விசித்திரமாகவே தோன்றாது. ஷூ கம்பெனியில் ஆர்டர் ஷீட் இப்படித்தானே வரும்? மாடல், மெட்டீரியல், ஆபரேஷன்.

கைத்தொழில்களுக்கு ரங்கநாதன் தன் வகைப்பாட்டில் ஆங்கில எம் எழுத்தைத் தனியாக ஒதுக்கினார். பயன்கலைகள் என்று அதற்குப் பெயர். நெசவு எல்லாம் அதற்குள் வரும். அடுத்த எழுத்தான என், நுண்கலைகளுக்கு. நெசவுத் தறியும் நடராஜர் சிலையும் அடுத்தடுத்த வீட்டில். அவர் என்ன நினைத்து வைத்தாரோ, கைவினைக்காரர்களுக்கு இது ஒரு சின்ன மரியாதைதான்.

எண் போட்டால் முடிந்ததா?

இல்லை. அடுக்குவது வேறு, பட்டியலிடுவது வேறு. இதைப் பலரும் குழப்பிக்கொள்வார்கள்.

ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஒரே ஒரு இடம்தான் இருக்க முடியும். ஆனால் தேடி வருகிறவர் பத்து வாசலில் எதன் வழியாகவும் நுழையலாம். அந்தப் பத்து வாசலையும் திறந்து வைப்பதுதான் பட்டியலின் வேலை. இதற்கென்று 1934இல் தனியாக ஒரு விதிநூலே எழுதினார். சிறிய அட்டைகளில் ஒரு பாகம் பொருள்வாரியாக, இன்னொரு பாகம் அகரவரிசையில்.

அதில் கைத்தொழில் சேகரிப்புகளுக்கு மிகவும் கைகொடுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. குறுக்குக் குறிப்பு அட்டை. ஒரு புத்தகம் மொத்தமாகத் தோல் பைகளைப் பற்றியது, ஆனால் அதில் ஒரு அத்தியாயம் மட்டும் சாயமேற்றுவது பற்றி. சாயம் என்ற தலைப்பின் கீழேயும் ஒரு அட்டை போடு, எத்தனையாவது பக்கம் என்று குறி என்கிறது விதி. ஆவாரம் பட்டை, கடுக்காய் வைத்துப் பதனிடும் பழைய முறை பற்றித் தனிப் புத்தகம் கிடைப்பது அரிது. வேறு ஏதோ புத்தகத்தில் எட்டு பக்கமாக ஒளிந்திருக்கும். குரோம் பதனிடுதல் வந்த பிறகு கைவிடப்பட்ட எத்தனையோ நுணுக்கங்கள் அந்த மாதிரி எட்டு பக்கங்களில்தான் உயிரோடு இருக்கின்றன. அட்டை இல்லாவிட்டால் அந்த எட்டு பக்கம் இல்லாத மாதிரிதான்.

அதே மாதிரி, புத்தக எண்ணிலேயே மொழியையும் வெளியான வருஷத்தையும் சேர்க்க வழி செய்தார். தமிழ், உருது, ஆங்கிலம் மூன்றும் கலந்து கிடக்கும் நாட்றம்பள்ளி அலமாரிக்கு இது எவ்வளவு தோதான ஏற்பாடு! பொருள் ஒன்றானால் மூன்று மொழியும் ஒரே தட்டில் நிற்கும். அதற்குள் மொழி பிரியும், வருஷ வரிசையில் நிற்கும்.

ஐந்து விதி

1928இல் ரங்கநாதன் முயற்சியில் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அந்த வருஷம் அவருக்கு வீட்டில் பெரிய இடி. மனைவி ருக்மிணி விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருஷம் சாரதாவை மணந்தார். வாழ்நாள் முழுக்க அவருடைய எளிமைக்கு ஈடுகொடுத்தவர் சாரதா.

அதே 1928இல்தான் தன் தொழிலுக்கு அடிப்படை விதிகள் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். இயற்பியலுக்கு நியூட்டன் விதி இருக்கிற மாதிரி நூலகத்துக்கு வேண்டாமா? முடிச்சை அவிழ்த்துவிட்டவர் பழைய பேராசிரியர் ராஸ். பேச்சோடு பேச்சாக அவர் தந்த ஒரு வரியிலிருந்து மற்றதெல்லாம் வந்தது. 1931இல் அவை புத்தகமாயின.

சாரம் இதுதான். புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது, காவல் காப்பதற்காக இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் எங்கோ உண்டு. தேடி வருபவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. கடைசியாக, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

படிக்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்த பழக்கத்திலிருந்து வந்த உலகத்தில் முதல் விதியே கலகம்தான். ஏட்டில் மட்டும் நிற்கவும் இல்லை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் இந்த விதிகளின் காலத்துப் பிள்ளைதான். பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்று திறந்துவிட்டார். 1936இல் அந்த நூலகம் மெரினா கடற்கரையில் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது.

அவர் வேலை செய்த விதம் கொஞ்சம் பயமாகவே இருக்கும். ஒரு நாளைக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள், இருபது வருஷம் விடுப்பே எடுக்கவில்லை என்கிறார்கள். இன்றைக்கு இதைப் பெருமையாகச் சொல்வதா என்று தெரியவில்லை. வீட்டில் இருந்தவர்கள் பக்கம் நின்று யாரும் இந்தக் கதையை எழுதியதாகத் தெரியவில்லை.

ஒரு லட்சம் புத்தகம், ஒரு ஆள்

நாற்பதுகளில் பல்கலைக்கழகத்தில் மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. ராஜினாமா செய்தார். மனம் சோர்ந்துபோயிருந்தது. 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்தது, போனார்.

அங்கே அவருக்காகக் காத்திருந்தது முறையாக வகைப்படுத்தப்படாத பெரிய சேகரிப்பு. ஐம்பத்து மூன்று வயது மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எண் போட ஆரம்பித்தார். அங்கிருந்து கிளம்புவதற்குள் சுமார் ஒரு லட்சம் நூல்களைத் தானே வகைப்படுத்தியிருந்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் வரும் தகவல். முந்நூறு புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தயங்கும் சங்கத்துக்காரர்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு ஆறுதல். இல்லை, மிரட்டலா?

பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம். இதற்கிடையில் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. ரங்கநாதன் பல வருஷம் வரைவு எழுதி, மனு கொடுத்து, விடாமல் துரத்தியதன் பலன். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் அதைக் கொண்டுவந்தார். நாம் இன்றைக்கும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. நாட்றம்பள்ளிக்காரர் கட்டும் ரசீதிலும் அந்த வரி உண்டு.

அப்புறம் ஏன் எல்லா நூலகத்திலும் டியூயி?

நியாயமான கேள்வி. கோலன் முறை புத்திசாலித்தனமானது, ஆனால் கடினமானது. நுணுக்கமான புத்தகத்துக்கு எண் நீண்டுகொண்டே போகும். மெல்லிய புத்தகத்தின் முதுகில் ஒட்டுகிற சீட்டில் அது அடங்காது. அதைவிடப் பெரிய தொல்லை, ரங்கநாதன் திருத்திக்கொண்டே இருந்தார். பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறின. ஏற்கனவே எண் ஒட்டிய ஆயிரக்கணக்கான புத்தகங்களை என்ன செய்வது? பல நூலகங்கள் டியூயியோடு நின்றுவிட்டன, சில கோலனிலிருந்து அதற்கே திரும்பின. தன் விதிகளில் வாசகர் நேரத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவர், நூலக ஊழியரின் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகத்தான் யோசித்திருக்கிறார்.

ஆனால் அந்த ஐந்து முகம் என்ற யோசனை தோற்கவில்லை. 1952இல் லண்டனில் உருவான வகைப்பாட்டு ஆய்வுக் குழு அதைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆன்லைனில் ஷூ வாங்கும்போது பக்கத்தில் அளவு, நிறம், மெட்டீரியல், விலை என்று டிக் அடித்துக்கொண்டே போகிறோமே, அந்த வடிகட்டி முறை ரங்கநாதன் சிந்தனைக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம்.

சங்கத்து அலமாரிக்கு இதில் என்ன?

முந்நூறு புத்தகத்துக்குக் கோலன் எண் தேவையே இல்லை. ரங்கநாதனின் முறையை விட்டுவிட்டு அவர் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். முதலில் ஒரு வரவுப் பதிவேடு. வந்த வரிசையில் எண், தலைப்பு, ஆசிரியர், வருஷம், மொழி, யார் கொடுத்தது. அடுத்து கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் தாள். அதில் பொருள், மூலப்பொருள், வேலை, இடம், காலம் என்று ஐந்து கட்டம். ஆறாவதாக ஒரு கட்டம், அத்தியாயங்களுக்கு. சாயம் 40ஆம் பக்கம், ஓரம் சீவுதல் 72ஆம் பக்கம் என்று அதில் குறித்து வைக்கலாம். அதுதான் குறுக்குக் குறிப்பு அட்டையின் இன்றைய வடிவம். தட்டில் கொஞ்சம் காலி இடம் விட்டு அடுக்க வேண்டும். ஐந்தாம் விதி.

இந்த வேலையை எல்லாம் புத்தகம் சேர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே செய்வது நல்லது. எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது பாதி அவர் தலைக்குள்தான் இருக்கும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா சுமார் ஒரு லட்சம் நூல், இதழ்களைச் சேர்த்துவிட்டு 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் அது சிதறாமல் சென்னைக்கு வந்து, 1994இலிருந்து ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எல்லாச் சேகரிப்புக்கும் சிகாகோ வராது.

கடைசி வருஷங்கள்

ரங்கநாதனுக்கு 1957இல் பத்மஸ்ரீ. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். இடையில் 1962இல் பெங்களூருவில் ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கிவைத்தார். சேமித்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, மனைவி சாரதாவின் பெயரில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தக் கொடுத்தார். மனவருத்தத்தோடு விட்டு வந்த அதே பல்கலைக்கழகத்துக்கு! கணிதத்தையும் மறக்கவில்லை. 1967இல் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

1972 செப்டம்பர் 27இல் பெங்களூருவில் காலமானார். ஆகஸ்ட் 12ஐ நாடு முழுக்க நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவில்தான்.

கோலன் வகைப்பாட்டின் ஏழாவது பதிப்புக்கு அவர் கடைசிவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அது அச்சாகி வந்தது 1987இல். பதிப்பித்தவர் அவருடைய மாணவர் எம்.ஏ.கோபிநாத்.